கரை கட்டிய வாசல்

கறுப்பாகப் பூக்கும் செடி ஒன்றுகூட எங்கள் பக்கத்தில் கிடையாது என்பதை, என் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோதுதான் கண்டுபிடித்தேன். பெயரில் மட்டும் கறுப்புக்குப் பஞ்சமில்லை. கருந்துளசி என்பார்கள், கிட்டப் போய்ப் பார்த்தால் ஊதா. கருஊமத்தை என்பார்கள், அதுவும் ஊதா, போதாததற்கு விஷம். கரிசலாங்கண்ணி என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அதன் பூ சுத்தமான வெள்ளை. இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. வாசலில் கறுப்பு கிடைக்காவிட்டால் அப்பா என் வளைகாப்புக்கு வரமாட்டார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கீழ்வேளூருக்குத் தெற்கே வாய்க்கால் ஓரத்துத் தெரு ஒன்றில் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். தெருவே விவசாயக் கூலிகள் தெரு. என் வீட்டுக்காரர் செங்கொடிச் சங்கத்தில் இருந்தார். அப்பா திருவாரூர்ப் பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார்; அந்த ஊரில் ஆளுங்கட்சிக்குக் கிளைச் செயலாளர். கறுப்பு சிவப்புக் கரை போட்ட வேட்டியைத் தவிர வேறு வேட்டியை அவர் இடுப்பில் நான் பார்த்ததில்லை. அம்மா நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே போய்விட்டாள். அதனால் எனக்குப் பிறந்த வீடு என்றால் அப்பா மட்டும்தான். எங்கள் கல்யாணத்தில் ஐயர் கிடையாது. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே மேடையில் ஏறி மாற்றி மாற்றி வாழ்த்திப் பேசினார்கள். பந்தியில் சோறு ஆறிப் போகிற வரைக்கும் பேசினார்கள். அவ்வளவு ஒற்றுமையாகத்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அந்த வருஷமே குறுவை அறுப்பில் கூலித் தகராறு வந்தது. எங்கள் ஆட்கள் கூடுதலாக நெல் அளக்கச் சொன்னார்கள். மிராசுதார் மறுத்துவிட்டு வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். களத்தில் கைகலப்பாகி நாலைந்து பேருக்கு மண்டை உடைந்தது. போலீஸ் தேடுகிறது என்றதும் என் வீட்டுக்காரர் கிழக்கே உப்பளத்துப் பக்கம் ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் போய் இருந்துகொண்டார். அந்த இடம் எனக்கும் மாமியாருக்கும் தெரியும். பயத்தில் அப்பாவிடமும் சொல்லியிருந்தேன். இரண்டு நாளில் போலீஸ் நேராக அந்த வீட்டுக்கே போய் அவரைப் பிடித்தது. பொங்கலுக்கு முன்னால் ஜாமீனில் வந்தபோது இடது தோள் மேலே தூக்க வராமல் இருந்தது. இன்றைக்கும் அந்தக் கையில் அவரால் தானாகச் சட்டை மாட்டிக்கொள்ள முடியாது.

சமாதானப் பேச்சு என்று அந்த நாட்களில் ஆளுங்கட்சி சார்பாக அப்பா ஸ்டேஷனுக்குப் போய் வந்துகொண்டிருந்தது ஊருக்கே தெரியும். பம்படியில் ஒரு பெண் ஆரம்பித்தாள். வேற யாரு காட்டிக்குடுத்திருப்பா என்று. நான் குடத்தைக் கீழே போட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டேன். எங்கப்பா அந்த மாதிரி ஆள் இல்லை, சொல்கிற வாய் அழுகிப் போகும் என்றெல்லாம் கத்தினேன். பிறகு இன்னொருத்தி, பிறகு இன்னொருத்தி. அந்தத் தெருவில் நான் சண்டை போடாத பெண் கிடையாது. எனக்கு அப்போதும் வாய் கொஞ்சம் நீளம், இப்போதும் குறைந்தபாடில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரும் என்னைப் போலத்தான் நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

சித்திரை வாக்கில் எனக்குத் தலை சுற்றத் தொடங்கியது. அதே சமயத்தில் மனைக்கட்டுக்குப் பட்டாவும் வந்தது. குடியிருக்கிற மனை குடியிருப்பவர்களுக்கே என்று சட்டம் போட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் அந்தத் தெருவில் யாரும் பூச்செடி வைத்ததில்லை. பூசணி வைப்பார்கள், அவரை வைப்பார்கள்; காய்த்தால் முதல் காய் மிராசுதார் வீட்டுக்குப் போகும். பூ பூத்தால் அவர்கள் வீட்டுச் சாமிக்குப் பறித்துக்கொண்டு போவார்கள். நம் கண்ணுக்காக ஒரு செடி என்பதே கிடையாது. பட்டா வந்த வாரம் என் வீட்டுக்காரர் செய்த முதல் வேலை, வாசலில் ஐந்து செம்பருத்திக் குச்சிகளை ஊன்றியதுதான். அடுக்குச் செம்பருத்தி, அசல் ரத்தச் சிவப்பு. ஒற்றைக் கையால் குழி தோண்டினார். அவருக்கு அது பூ இல்லை, கொடி. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பார்க்க அழகாகவே இருந்தது.

ஆடியில் மாமியார் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய் அப்பாவை வளைகாப்புக்கு அழைத்தார். ஏழாம் மாதம், ஐப்பசியில் வைத்திருந்தோம். களத்துச் சண்டைக்குப் பிறகு அப்பா எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. சிவப்புக் கட்டிய வாசலை மிதிக்கமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டதாக மாமியார் திரும்பி வந்து சொன்னார். காபி போட்டுக் கொடுத்தாராம், வாழைப்பழம் கொடுத்தாராம், ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசவில்லையாம். என் வீட்டுக்காரரிடம் அந்தச் செம்பருத்தியைக் கொல்லைப் பக்கம் மாற்றலாமா என்று கேட்டேன். சிறையில் இருந்து வந்தவன் சிவப்பை எதற்கு ஒளிக்க வேண்டும் என்று அவர் கேட்டார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் வாசலுக்குப் போகத் தோன்றும். அங்கே நின்று அந்தச் செம்பருத்திகளையே முறைத்துக்கொண்டிருப்பேன். இவருக்குச் சிவப்பு குறையக் கூடாது. அப்பாவுக்குத் தனிச் சிவப்பு ஆகாது. ஒரு நாள் காலையில் அரிசி களையும்போது பட்டென்று தோன்றியது. அப்பா கட்சியிலும் பாதி சிவப்புதானே. இந்தச் சிவப்பை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்திலேயே கறுப்பைச் சேர்த்துவிட்டால் அது அவர் வேட்டிக் கரை ஆகிவிடும். இவர் பார்த்தால் சிவப்பு தெரியும், அவர் பார்த்தால் கரை தெரியும். அரிசியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு எழுந்து ஓடினேன்.

கறுப்புக்கு அலைந்த கதையைத்தான் முதலிலேயே சொன்னேன். கருந்துளசி வைத்தேன், சிவப்புப் பக்கத்தில் அது அழுக்குத் துணி போல இருந்தது. பிடுங்கிவிட்டேன். கருஊமத்தையை மாமியார் பிடுங்கி எறிந்தார். பிள்ளைத்தாய்ச்சி வாசலில் விஷச் செடியா என்று ஒரு மூச்சு திட்டினார். டிசம்பர் பூ ஊதா வைத்துப் பார்த்தேன். அது சிவப்போடு ஒட்டவே இல்லை, உறவு முறிந்த சொந்தக்காரி மாதிரி தள்ளி நின்றது. நடுவே கனகாம்பரத்தை வைத்தால் ஒட்டுமோ என்று வைத்தேன். அந்த ஆரஞ்சு பக்கத்தில் வந்ததும் செம்பருத்தியின் சிவப்பே வெளுத்துப் போய்விட்டது. நிறம் என்பது தனியாக இருப்பதில்லை, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதில் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வைத்த செடியை வேர் பிடிக்க விடாமல் பிடுங்கிப் பிடுங்கி வேறிடத்தில் நட்டேன். களிமண் கைவிரல் இடுக்கில் காய்ந்து வெடித்திருக்கும். என் வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு தரம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் தண்ணீர் கேட்டேன், எழுந்து போய் எடுத்து வந்தார்.

கடைசியில் கூத்தாநல்லூரில்தான் கறுப்பு கிடைத்தது. திருவாரூரில் என்னோடு படித்த தோழி ஒருத்தியை அங்கே கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் வீட்டில் ஆண்களெல்லாம் மலேயாவில் வியாபாரம். முற்றத்தைச் சுற்றிலும் கப்பலில் வந்த தொட்டிச் செடிகள். அதில் ஒரு குரோட்டன்ஸ் இருந்தது; இளம் இலை கரும்பச்சை, முற்ற முற்றக் கறுத்துக்கொண்டே போய் அடியிலையெல்லாம் வெந்த கத்திரிக்காய்த் தோல் நிறம். வெயிலில் வைத்தால் இன்னும் கறுக்கும் என்றாள். நான் எதற்கு வந்தேன் என்று சொன்னதும் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவளுக்கு. "ஊருல எல்லாரும் சாமிக்குப் பூ வைப்பாக, நீ கட்சிக்கு வைக்கிறியாடி" என்றாள். இருந்தாலும் நல்ல குச்சிகளாகப் பார்த்து வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தாள். பஸ்ஸில் அதைக் குழந்தையை வைப்பது போல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வேலியின் மூங்கில் படலிலிருந்து வாசற்படி வரைக்கும் நடைபாதையின் இரண்டு பக்கமும் நட்டேன். வெளி வரிசையில் கறுப்பு இலை. உள் வரிசையில் சிவப்பு. செம்பருத்தி உயரமாக இருந்ததால் கரை சரியாகத் தெரியவில்லை. அதற்குக் கீழே கோழிக்கொண்டை விதையை நெருக்கித் தூவினேன். புரட்டாசி முடிவதற்குள் கோழிக்கொண்டை சிவப்பு வெல்வெட்டாகப் பூத்து, குரோட்டன்ஸும் கறுத்து, படலுக்கு வெளியே நின்று பார்த்தால் யாரோ வேட்டியை விரித்துப் போட்டது மாதிரியே இருந்தது. ஆடு புகாமல் இருக்க நொச்சி விளாரால் வேலி நெருக்கினேன். மாமியார் என்னைத் திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றினார்.

சங்கத்துக்காரர் ஒருவர் வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, "என்ன தோழர், வாசல்ல கரை கட்டியிருக்கு?" என்று கேட்டார். குரலில் கேலி பாதி, சந்தேகம் பாதி. என் வீட்டுக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, பூவிலே எங்கள் நிறம்தான், இலைக்கெல்லாம் கட்சி கிடையாது என்று சொல்லி அனுப்பினார். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு ஆசை பொங்கியது. விட்டுக்கொடுக்கிறார், எனக்காக, எங்கள் அப்பாவுக்காக என்று நினைத்துக்கொண்டேன். திருவாரூர் போகிற ஆள் ஒருவரிடம் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன்: வாசலில் உங்கள் கரைதான் போட்டிருக்கிறேன், வந்து பாருங்கள் என்று. பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. டீக்கடை ரேடியோவில் ஆளுங்கட்சி இரண்டாகப் போன செய்தியைக் கேட்டுவிட்டு வந்து இவர் சொன்னார். எனக்கு அதில் என்ன இருக்கிறது? என் கவலையெல்லாம் கோழிக்கொண்டை தண்ணீர் தேங்கி அழுகிவிடக் கூடாதே என்பதுதான். அந்த வயிற்றோடு மழையில் நின்று மண்வெட்டியால் தண்ணீரை வாய்க்காலுக்கு வெட்டி விட்டேன். மாமியார் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இந்தப் பெண்ணுக்கு வயிற்றில் பிள்ளையா வாசலில் பிள்ளையா என்று தெருவெல்லாம் பேசிக்கொண்டதாம். எனக்கும் அது சரியாகத் தெரியவில்லை.

வளைகாப்பு அன்று காலையில் மழை விட்டிருந்தது. தெருப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். நான் பம்படியில் சாபம் விட்டேனே, அவள்தான் முதலில் வந்து கூடத்தை மெழுகிக் கோலம் போட்டாள். என்னை மணையில் உட்கார வைத்தார்கள். நான் வாசலைப் பார்க்கிற மாதிரி மணையைத் திருப்பிப் போடச் சொன்னேன்.

சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. அப்பாதான். கேரியரில் வளையல் பெட்டியும் பலகாரக் கூடையும் கட்டியிருந்தது. நான் மணையிலிருந்து எழுந்தே விட்டேன், யார் தடுத்தும் கேட்கவில்லை. அவர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுப் படலுக்கு வெளியே நின்றார். அப்போதுதான் அவர் வேட்டியைப் பார்த்தேன். புது வேட்டி, கஞ்சி மொடமொடப்புப் போகாதது. கரையில் கறுப்பு இருந்தது, சிவப்பு இருந்தது, இரண்டுக்கும் நடுவே பளிச்சென்று ஒரு வெள்ளை இருந்தது. அப்பா புதுக் கட்சிக்குப் போயிருந்தார்.

என் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நாலு மாதம் மண்ணோடு மல்லுக்கட்டி நான் போட்ட கரை, அவர் நேற்று விட்டுவந்த கட்சியின் கரை. இதற்குத்தான் வெளியே நிற்கிறார் என்று நினைத்தேன். படலண்டை போய், "வெள்ளை சேந்தது எனக்குத் தெரியாதுப்பா. நந்தியாவட்டை இருக்கு, இப்பவே ஒடிச்சு நடுவுல வச்சுடுறேன். உள்ள வாங்க" என்றேன். வெட்கத்தை விட்டுத்தான் சொன்னேன்.

அப்பா என் செடிகளைப் பார்க்கவே இல்லை. என்னையும் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், வாசற்படியில் வந்து நின்ற இவருடைய இடது தோளைத்தான் பார்த்தார்.

"செடியில ஒன்னுமில்லம்மா," என்றார். "மாப்ள இருந்த எடத்த அன்னைக்கி ஸ்டேஷன்ல சொன்னது நான்தான். அடிக்கமாட்டோம்னு சொன்னாங்க. அதான் இத்தன நாளா இந்த வாசலுக்கு வர முடியல."

நான் கூடத்தில் இருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தி முகத்திலாவது வெற்றிக் களை இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை. சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். இவர்களுக்கு எப்போதோ தெரியும். தெரிந்துகொண்டே நான் வீசிய சொல்லையெல்லாம் வாங்கிக்கொண்டு, எனக்கு வளையல் போட வந்திருக்கிறார்கள்.

அப்பா படலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் சொன்ன அதே வார்த்தையை நான் இன்னொரு தரம் சொல்ல வேண்டும். வாங்க. ஒரே ஒரு சொல். நாலு மாதமாக அதைச் சொல்லத்தானே அலைந்தேன். ஆனால் அந்தத் தோளுக்கு நான் முட்டைப் பற்றுப் போட்ட நாளெல்லாம் கண்ணுக்குள் வந்தது. கஞ்சித் தம்ளரைக்கூட எட்டி எடுக்க முடியாமல் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது வந்தது. போங்கள் என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"உள்ள வாங்க மாமா," என்று என் பின்னாலிருந்து குரல் வந்தது. "மழ திரும்பவும் புடிக்கப் போவுது."

இவர் இறங்கி வந்து, வலது கையால் படலைத் திறந்து, கேரியரிலிருந்த கூடையை எடுத்துக்கொண்டார். அப்பா குனிந்த தலை நிமிராமல் நடைபாதையில் நடந்து உள்ளே போனார். மாமியார் பாயை உதறிப் போட்டுச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். என்னை மறுபடி மணையில் உட்கார வைத்து வேப்பிலைக் காப்பு போட்டு, கண்ணாடி வளையலை இரண்டு கையிலும் அடுக்கினார்கள். அப்பா கொண்டுவந்த வளையலும் அதில் இருந்தது. நான் கையை நீட்டினேன், அவ்வளவுதான். அப்பா சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது போய்ட்டு வரேம்மா என்றார். நான் கையிலிருந்த வளையலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, கொல்லைப் பக்கம் பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன். இவர் தண்ணீர் எடுத்து ஊற்றினார். உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். ஸ்டேஷனிலேயே தெரியும் என்றார். அடிக்கும்போது ஒரு போலீஸ்காரன், உன் மாமனாரே சொல்லிட்டாரு, நீ என்ன மறைக்கிறது என்று சொன்னானாம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"பம்படியில நின்னு ஒங்கப்பாவுக்காகச் சண்ட போட்டுகிட்டு இருந்த. ஒன்ன பொய்யாக்க மனசு வரல."

"ஆடியிலேந்து வயித்தத் தள்ளிகிட்டு ஒவ்வொரு செடியா புடுங்கிப் புடுங்கி நட்டேன். நீங்க கட்டில்ல ஒக்காந்து பாத்துகிட்டு இருந்தீங்க. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

அவர் குடத்தைக் கீழே வைத்தார். "சொல்லியிருந்தா நீ அன்னைக்கே நட்டத நிறுத்தியிருப்ப. அவரும் வராமலே போயிருப்பாரு."

வளையல் குலுங்கக் குலுங்கச் சட்டியைத் தேய்த்தேன். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்பாவை நான் 'வாங்க' என்று கூப்பிட, பிறந்தவள் தவழ்ந்து படல் வரைக்கும் போகிற வயது வர வேண்டியிருந்தது. ஆனால் கூப்பிட்டுவிட்டேன், அத்தோடு அது தீர்ந்தது. இவர் மேல் வந்த கோபம் அப்படித் தீரவில்லை. அடி வாங்கியது அவர், காட்டிக்கொடுத்தது என் அப்பா, இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டு என்னைச் செடி நட விட்டது அவர். எனக்காகத்தான் செய்தார் என்பது எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் கழித்தும், சட்டையின் இடது கையை அவருக்கு மாட்டிவிடுகிற ஒவ்வொரு காலையிலும், எனக்கு அவரோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.